மலைக்குப் போகும் தாயும் மாரில் ஊறும் பாலும்

மாலை நாலரை மணி. கடைசி நிறுவை முடிந்துவிட்டது. மற்றப் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி மலையிலிருந்து இறங்குகிறார்கள். ஒருத்தி மட்டும் யாரோடும் பேசாமல் வேகமாக இறங்குகிறாள். அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது. பகல் முழுவதும் பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. சட்டை நனைந்திருக்கிறது. வந்ததும் நேரே பீலிக்குப் போகிறாள். "வெயிலில நின்ன பால் பிள்ளைக்கு ஆகாது, வயித்தால போகும்" என்று மாமியார் சொல்லியிருப்பதால் முதற்பாலை நிலத்தில் பீச்சி விடுகிறாள். உள்ளே பிள்ளை, போத்தலில் கரைத்துக் கொடுத்த பால்மாவைக் குடித்துவிட்டுத் தூங்குகிறது.

இப்படியே மூன்று கிழமை போனால் அந்தத் தாய் எம்மிடம் என்ன சொல்வாள் என்பது எமக்குத் தெரியும். "வேலைக்கு இறங்கினேன் சாமி, பால் வத்திப் போச்சு." பசறைப் பக்கத்திலும், ஹல்துமுல்லைப் பக்கத்திலும், மண்சரிவுக்குப் பின் புதிதாகக் குடியேறிய இடங்களிலும் இதே வார்த்தைகளை நாம் பல முறை கேட்டிருக்கிறோம்.

உடம்பை வருத்தி உழைத்தால் தாய்ப்பால் வற்றிவிடுமா? இந்தக் கேள்விக்கு இன்று தெளிவான பதில் உண்டு. உழைப்பு பாலை வற்ற வைப்பதில்லை. பிள்ளையைப் பிரிந்திருக்கும் நேரம்தான் வற்ற வைக்கிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் செய்ய வேண்டியவை பல நம் கைக்குள்ளேயே இருப்பதைக் காண்போம். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பால் ஊறும் விதம்

"இறைக்கிற கிணறு ஊறும்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. தாய்ப்பாலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. பிள்ளை மாரில் வாய் வைத்துச் சப்பும்போது அந்தச் செய்தி நரம்புகள் வழியாகத் தாயின் மூளைக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலக்டின் என்ற சுரப்பு பாலை உண்டாக்குகிறது. ஒட்சிடோசின் என்ற சுரப்பு, உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. புரோலக்டின் இரவு நேரத்தில் கூடுதலாகச் சுரக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பால் நிறைந்த மாரைக் காலி செய்யாமல் நீண்ட நேரம் விட்டால், 'இப்போதைக்குப் போதும்' என்று உடம்பு கணக்கிட்டுப் பால் உண்டாக்குவதைக் குறைத்துவிடும். ஒரு நாள் அப்படி நடந்தால் பாதிப்பில்லை. நாள்தோறும் எட்டு மணித்தியாலம் மார் நிறைந்தபடியே இருந்தால், சில கிழமைகளில் பால் உண்மையிலேயே குறைந்துவிடும்.

முழுமையாகப் பாலூட்டும் ஒரு தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி லீற்றர், அதாவது ஒரு போத்தல் அளவு பால் ஊறுகிறது. இதற்குப் பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 தொடக்கம் 12 தடவைகள் குடிக்க வேண்டும். பால் எவ்வளவு ஊறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த எண்ணிக்கைதான். மார்பின் பருமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உழைப்பும் பாலும்

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாலூட்டும் தாய்மாரைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 1994ஆம் ஆண்டில் வெளியாயின. பிரசவமாகி 6 தொடக்கம் 8 கிழமைகள் ஆன 33 தாய்மாரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் நாளுக்கு 45 நிமிடம், கிழமைக்கு 5 நாட்கள், 12 கிழமைகளுக்கு உடற்பயிற்சி செய்தனர். மற்றப் பிரிவினர் செய்யவில்லை. இறுதியில் இரு பிரிவினரின் பாலின் அளவிலும் தரத்திலும், பிள்ளைகளின் நிறை கூடிய விதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பயிற்சி செய்த தாய்மாரின் இதயமும் நுரையீரலும் நன்றாக வலுப்பெற்றிருந்தன.

"அங்கே முக்கால் மணித்தியாலம், இங்கே நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்குகிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தாய்மார் வயிறாரச் சாப்பிட்டவர்கள். பிள்ளையும் அருகிலேயே இருந்தது. நம்மவருக்கு நெருக்கமான உதாரணம் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கம்பியா நாட்டில் இருக்கிறது. அங்கு கெனெபா என்ற கிராமத்தில், மழைக்காலத்தில் வயலில் கடுமையாக உழைத்து, களஞ்சியத்தில் தானியம் குறைந்த காலத்தில் அரைவயிறு உண்டு வாழ்ந்த தாய்மாரைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்தார்கள். அந்தத் தாய்மாரும் தம் பிள்ளைகளுக்குப் பாலூட்டி வளர்த்தார்கள். அவர்களுக்கு மேலதிக உணவு கொடுத்துப் பார்த்தபோது பாலின் அளவு கூடவில்லை. தாய் மெலிந்தாலும் உடம்பு முதலில் பிள்ளையின் பங்கைத்தான் எடுத்து வைக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

இதைக் கேட்டு "அப்படியானால் தாய்க்குச் சாப்பாடு அவசியமில்லை" என்று எவரும் முடிவெடுக்க வேண்டாம். பிள்ளையின் பங்கு தாயின் உடம்பிலிருந்துதான் போகிறது. உழைக்கும் தாய் உண்ணாதிருந்தால் பால் ஊறும், தாய் தேய்வாள். விற்றமின் ஏ, விற்றமின் பி1 போன்றவை தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். எனவே சாப்பாட்டைப் பற்றிக் கீழே தனியாகப் பேசுவோம்.

'சூட்டுப் பால்' என்ற பயம்

வெயிலில் நின்று வியர்த்து வந்த தாயின் பால் சூடானது, புளித்தது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. படித்த நாடுகளிலும் இதற்கு ஒத்த பயம் இருந்தது. கடும் உழைப்பின்போது தசைகளில் லக்டிக் அமிலம் என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது சிறிதளவு பாலிலும் கலப்பதால் பிள்ளை முகம் சுளிப்பதாக 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கூறியது. பின்னர் 2002இல் வெளியான இன்னோர் ஆய்வில் வேறு விதமாகத் தெரிந்தது. ஓய்வில் இருந்தபோது எடுத்த பாலையும் பயிற்சிக்குப் பின் எடுத்த பாலையும் பிள்ளைகள் ஒரே விதமாகவே குடித்தன. சேரும் அமிலம் மிகச் சிறிய அளவு. அதனால் பிள்ளைக்குக் கெடுதி இல்லை.

பால் தாயின் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். வெயில் அதைக் கொதிக்க வைப்பதில்லை. மாருக்குள் இருக்கும் பால் புளிப்பதும் இல்லை. மலையிலிருந்து வந்த தாயிடம் பிள்ளை சில வேளை முகம் திருப்புவதற்குக் காரணம் தோலில் காய்ந்திருக்கும் வியர்வை உப்பாக இருக்கலாம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரத்துணியால் மாரைத் துடைத்துவிட்டு, உடனே பிள்ளையைப் போடுங்கள். நிலத்தில் பீச்சி விடும் ஒவ்வொரு துளியும் பிள்ளையின் சோறு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகும் தாய்மார், பூச்சிமருந்து, புல்மருந்து அடிக்கும் வேலையைச் செய்யக்கூடாது. அடித்த நாளில் அந்தப் பாத்தியில் இறங்கவும் கூடாது. மருந்து பட்ட உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து உடுப்பு மாற்றிய பின்பே பால் கொடுங்கள்.

வற்றுவது எங்கே தொடங்குகிறது?

முதல் ஆறு மாதமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் கூறும் அறிவுரை. அதன்பின் கஞ்சியும் சோறும் கொடுத்துக்கொண்டே இரண்டு வயதுக்கு மேலும் பாலூட்டலாம். ஆனால் தோட்டத்துத் தாய் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்று மாதம்தான். ஆறு மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பால் வற்றுவதும் பால்மாப் பைக்கற்று வீட்டுக்குள் வருவதும் இந்த இடைவெளியில்தான்.

அது நடக்கும் வழியும் ஒன்றுதான். காலையில் பிரட்டுக்குப் போகும் தாய் மாலை வரை பிள்ளையைக் காண்பதில்லை. பிள்ளை அழுகிறது. பாட்டி பால்மா கரைத்துக் கொடுக்கிறார். போத்தல் சூப்பியில் இலகுவாக வரும் பாலுக்குப் பழகிய பிள்ளை மாரில் முயன்று சப்ப மறுக்கிறது. சப்பாததால் ஊறுவது குறைகிறது. குறைந்ததால் இன்னொரு போத்தல் தேவைப்படுகிறது. இந்த வட்டத்தில் இருந்து வெளியேற ஒரே வழி, பகலிலும் மாரைக் காலி செய்வதுதான்.

சட்டம் தரும் நேரம்

இந்த வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் எமக்குத் தெரிந்த தாய்மாரில் பலர் இதை அறிந்திருக்கவில்லை. தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்துகிறது. 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் தாய்க்கு 84 நாட்கள் லீவு உண்டு. முன்னர் மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்கள்தான் கிடைத்தன. 

பாலூட்டும் நேரத்தைப் பற்றி அதே சட்டம் கூறுவது இது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, 9 மணித்தியால வேலைக்காலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. பிள்ளைக் காம்பரா இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் அடங்காது. அது வேறு, இது வேறு.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு லயத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக் காம்பரா, புதிய குடியிருப்புக்கு வந்தபின் இரண்டு மலைக்கு அப்பால் போயிருக்கலாம். அரை மணித்தியாலத்தில் போய்ப் பாலூட்டித் திரும்ப முடியாது. இதைத் தனியொருத்தியாகப் போய்க் கங்காணியிடம் முறையிடுவதைவிட, கைக்குழந்தை உள்ள தாய்மார் எல்லோரும் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவர் ஊடாகத் தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கைக்குழந்தைக்காரிகளைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலைகளில் வேலைக்கு விடும்படி கேட்பது ஒரு வழி. வீட்டுப் பெரியவர் பிள்ளையை நிறுவை இடத்துக்குத் தூக்கி வர அனுமதி கேட்பது இன்னொரு வழி. தீர்வு கிடைக்காவிட்டால் பிரதேசத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

நாட்கூலிக்கு மரக்கறித் தோட்டம் போகும் தாய்மாருக்கு இந்தச் சட்டம் நடைமுறையில் எட்டுவது அரிது. ஆகவே கூலி பேசும்போதே பால் நேரத்தையும் பேசிவிடுங்கள். இரண்டு மூன்று தாய்மார் ஒரே தோட்டத்துக்கு வேலைக்குப் போய், ஒரு பாட்டியைப் பிள்ளைகளோடு வரம்பில் இருத்தும் ஏற்பாட்டை நாம் கண்டிருக்கிறோம். அது நன்றாகவே நடந்தது.

ஒரு நாளின் ஒழுங்கு

மலைக்குப் போகும் ஒரு தாயின் நாளை இப்படி அமைக்கலாம். நேரங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எண்ணிக்கையே முக்கியம்.

காலை 5 மணிக்கு எழும்புமுன் படுத்தபடி ஒரு முறை. பிரட்டுக்குப் புறப்படும் கடைசி நிமிடத்தில் இன்னொரு முறை. ஒன்பதரை மணியளவில் முதலாவது பாலூட்டும் இடைவேளை. நண்பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை. இரண்டரை மணியளவில் இரண்டாவது இடைவேளை. வேலை முடிந்து வந்ததும், அடுப்படிக்குப் போகுமுன், ஒரு முறை. படுக்குமுன் ஒரு முறை. இரவில் இரண்டு அல்லது மூன்று முறை. கூட்டிப் பாருங்கள், ஒன்பது பத்து ஆகிவிடும்.

பகலில் ஒன்றிரண்டு தவறினால் இரவில் ஈடு செய்யலாம். இரவில் புரோலக்டின் கூடுதலாகச் சுரக்கும் என்று சொன்னோம் அல்லவா? பிள்ளை இரவில் அடிக்கடி எழும்பினால் 'பால் பத்தவில்லை' என்று கலங்காதீர்கள். பகலில் பிரிந்திருந்த பிள்ளை இரவில் தன் பங்கைக் கேட்கிறது. ஞாயிறும் போயாவும் முழு நாளும் கேட்ட போதெல்லாம் கொடுங்கள். கிழமை நாட்களில் குறைந்தது அந்த நாட்களில் திரும்பி ஊறும்.

பால் போதுமா என்பதை மாரைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சில கிழமைகளின் பின் மார் மென்மையாவது இயல்பு. பிள்ளை 24 மணித்தியாலத்தில் ஆறு தடவைக்குமேல் சிறுநீர் கழித்தால், கிளினிக் அட்டையில் நிறைக்கோடு மேலேறினால், பால் போதும்.

பீச்சி வைத்துப் போவது

இடைவேளையில் பிள்ளையிடம் போகவே முடியாதவர்களுக்கும் வழி உண்டு. வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே கையால் பால் பீச்சிப் பழகுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கொதித்த நீரில் இட்டு எடுத்த, மூடியுள்ள ஒரு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவிரலைக் காம்பைச் சுற்றியுள்ள கறுத்த வட்டத்தின் மேல் ஓரத்திலும் சுட்டுவிரலைக் கீழ் ஓரத்திலும் வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். காம்பை இழுக்கக்கூடாது. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம், திரும்பவும் முதற்பக்கம். முதல் நாட்களில் சில கரண்டிகள்தான் வரும். பழகப் பழகக் கூடும்.

பீச்சிய பாலை மூடி, அடுப்புக்கு எட்டத்தில், காம்பராவின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். நான்கு மணித்தியாலம் வரை தயக்கமின்றிக் கொடுக்கலாம். மேலே ஆடை திரளும், அது கெட்டதன் அறிகுறி ஆகாது. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். நெருப்பில் காய்ச்சக்கூடாது. வேண்டுமானால் கோப்பையைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்கலாம். சூப்பிப் போத்தலில் ஊற்றாமல் சிறு கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கும்படி பாட்டியிடமும் பிள்ளைக் காம்பரா ஆயாவிடமும் சொல்லுங்கள். கோப்பையைக் கழுவுவது எளிது. பிள்ளையும் மாரை மறக்காது.

மலையில் நிற்கும்போது மார் கட்டிக்கொண்டால், மறைவாக ஓர் ஓரத்துக்குப் போய்ச் சிறிது பீச்சி விடுங்கள். நிலத்தில் போனாலும் அந்த இடத்தில் அது வீணில்லை. கிணற்றை இறைத்து வைக்கிறீர்கள். இறுக்கமான உள்ளுடுப்பும், மாரை அழுத்தும் கூடைக் கயிறும், இறுகக் கட்டிய படங்கும் பால்நாளத்தை அடைக்கும். மாரில் ஓர் இடம் சிவந்து கல்லாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நோய் கூடும்.

தாயின் உடம்பைத் தேற்றுதல்

பச்சை உடம்புக்காரி அசையவே கூடாது என்ற எண்ணமும் சரியில்லை. நேரே மலைக்கு ஏறிப் பாரம் சுமப்பதும் சரியில்லை. சுகப்பிரசவமானால் சில நாட்களிலேயே வீட்டைச் சுற்றி மெதுவாக நடக்கலாம். நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டலாம். அடிவயிற்றையும் கருப்பையையும் தாங்கும் தசைகளுக்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல் உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, தளர விடுங்கள். பத்து முறை செய்து, நாளுக்கு மூன்று தடவை தொடருங்கள். பாலூட்டும்போதே செய்யலாம். கூடை சுமக்கும் பெண்களுக்குப் பிற்காலத்தில் கருப்பை இறங்குவதையும், இருமும்போது சிறுநீர் கசிவதையும் தடுக்க இது உதவும்.

பாரமான வேலையை ஆறு கிழமைக்கு முன் தொடங்க வேண்டாம். சத்திரசிகிச்சைப் பிரசவமானால் வைத்தியரின் சொல்லைக் கேட்டே தொடங்குங்கள். நின்றிருந்த இரத்தப்போக்கு வேலை செய்ததும் திரும்பவும் கூடினால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவிச்சியிடம் காட்டுங்கள். வேலைக்குத் திரும்பிய முதற்கிழமைகளில் கொழுந்தை இடையிடையே நிறுத்துக் கொடுத்துப் பாரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பால் உண்டாக்க ஒரு தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும். மலை ஏறும் உழைப்புக்கு வேண்டியது அதற்கும் மேலே. எளிதாகச் சொன்னால், வழமையான மூன்று வேளையோடு இன்னொரு வேளைச் சாப்பாடு அவசியம். ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, பயறு, கௌபி, சோயா, நெத்தலி, முட்டை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். முருங்கை இலையும் பசளியும் வல்லாரையும் வேலியோரத்தில் வளர்க்கக் கூடியவை. கிளினிக்கில் திரிபோஷா கிடைக்கும்போது அதைத் தாய்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பங்கிடக்கூடாது. பூண்டும் பால்சுறாவும் சமைத்துக் கொடுப்பதில் கெடுதி இல்லை. ஆனால் பத்தியம் என்று சொல்லிக் கீரையையும் மீனையும் பழத்தையும் தாய்க்கு மறுப்பது அவளை வாட்டும்.

தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். தேவைக்கு மேல் குடிப்பதால் பால் கூடாது. ஆயினும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றில், வியர்த்தது தெரியாமலே உடம்பு வறண்டுவிடும். அந்த மாதங்களில் கொதித்தாறிய நீரை ஒரு போத்தலில் மலைக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் ஒரு கோப்பை குடியுங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

இடம்பெயர்ந்த வேளையில்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் எவரும் மறக்க மாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு கொட்டிய மழையிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. இத்தகைய நாட்களில் "பயந்த தாய்க்குப் பால் வற்றிவிடும்" என்ற பேச்சு முகாமெங்கும் பரவும். பயமும் துக்கமும் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கலாம். ஆனால் பாலை வற்றச் செய்வதில்லை. தாயை ஓர் ஒதுக்கிடத்தில் அமர்த்தி, குடிக்க ஏதாவது கொடுத்து, பிள்ளையை அவள் நெஞ்சோடு தோல் படக் கிடத்தி, பக்கத்தில் ஒருவர் ஆறுதலாக இருந்தால் பால் இறங்கும்.

இவ்விடயத்தில் நாமே ஒரு பிழை செய்திருக்கிறோம். ஒரு முறை பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு நிவாரணப் பொதி கட்டியபோது, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் பால்மாவும் சூப்பிப் போத்தலும் வைத்தோம். நல்லது செய்வதாகவே நினைத்தோம். அங்கே தண்ணீருக்கு ஒரே ஒரு குழாய், கொதிக்க வைக்க விறகு இல்லை. ஒரு கிழமைக்குள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அதுவரை மாரில் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவை. மருத்துவிச்சி வந்து, "தாயிட்ட இருந்த நல்ல பாலை நீங்கள்தான் நிப்பாட்டினீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வார்த்தை எமக்கு இன்னும் சுடுகிறது. அதன்பின் நாம் கட்டும் பொதியில் பிள்ளைக்குப் பால்மா வைப்பதில்லை. தாய்க்குப் பருப்பும் நெத்தலியும் முட்டையும் வைக்கிறோம். தாயில்லாத பிள்ளைக்கோ, வேறு காரணத்தால் செயற்கைப் பால் தேவைப்படும் பிள்ளைக்கோ மருத்துவிச்சியின் ஆலோசனைப்படி தனியாக உதவுகிறோம்.

ஏற்கனவே பால் குறைந்துவிட்டதா? அதற்கும் மருந்து பிள்ளையின் வாய்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் சப்ப விடுங்கள். இரவிலும் விடுங்கள். பெரும்பாலான தாய்மாருக்கு ஒன்றிரண்டு கிழமைகளில் பால் கூடத் தொடங்கும். அதுவரை கொடுத்த மற்றப் பாலை, பிள்ளையின் நிறையை மருத்துவிச்சியிடம் காட்டிக்கொண்டே படிப்படியாகக் குறையுங்கள்.

வீட்டாரின் பங்கு

இவ்வளவையும் வாசித்த ஒரு தாய், "இத்தனையும் நான் ஒருத்தியே செய்வதா?" என்று கேட்டால் அவளிடம் பிழை இல்லை. மலையில் ஒரு வேலை, வீட்டில் ஒரு வேலை, இரவில் பிள்ளை என்று மூன்று பங்கு உழைப்பவள் அவள். மாலையில் அவள் வந்ததும் செய்ய வேண்டியது பாலூட்டுவது ஒன்றுதான். பீலியில் தண்ணீர் எடுப்பதும், விறகு பிளப்பதும், அடுப்பு மூட்டுவதும் கணவனாலும் மூத்த பிள்ளைகளாலும் செய்யக்கூடிய வேலைகள். இரவில் அழும் பிள்ளையைத் தூக்கி அவள் பக்கத்தில் கிடத்துவதற்கு ஆண் கைகளும் போதும். பால்மாவுக்குக் கொடுக்கும் காசில் தாய்க்கு முட்டை வாங்கலாம்.

மாமிமாருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் உங்கள் காலத்தில் இதே மலைகளில் கொழுந்தெடுத்து, பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி ஓடிப் பால் கொடுத்து வளர்த்தவர்கள். அந்த ஓட்டத்தை மருமகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இனி அவள் மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது பீலிக்கு அனுப்பாதீர்கள். ஈரத்துணியை நீட்டி, பிள்ளையை மடியில் வையுங்கள்.